நான் ஊற்றிய ஆராத்தித் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: எப்படி விழுந்தீர்கள்? அம்புலன்ஸில் வந்த பெடியன் கேட்டான். நேர்ஸ் கேட்டார், டொக்டர் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டார், மயக்க மருந்து கொடுக்க வந்தவரும் கேட்டார். எல்லாருக்கும் "ஐஸ்" என்று சொன்னேன். தை மாதத்து ரொறன்ரோவில் அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். நான் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஐஸை என் கையாலேயே ஊற்றி உறையவிட்டவள் நான்தான் என்று வாய் திறந்து சொல்ல எனக்கு வாரக்கணக்கில் எடுத்தது. அதுவரை என் பிழையை இன்னொருத்தி சுமந்துகொண்டு திரிந்தாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் வெட்கம் உங்களுக்கு விளங்காது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வயதானவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் இருத்துவதுதான் என் தொழில். விழக்கூடியவர்கள் என்று கண்டால் அவர்களின் கையில் மஞ்சள் பட்டி கட்டிவிடுவோம். அப்படி எத்தனையோ கைகளில் கட்டியிருக்கிறேன். பனிக்காலம் தொடங்கினால் வீட்டிலும் என் வாய் ஓயாது. "கையைப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு நடக்காதை. பாதம் முழுக்க ஊண்டி, சின்ன அடி வைச்சு நட. சப்பாத்தின்ரை அடி தேஞ்சிருந்தா எறிஞ்சிட்டு வேறை வாங்கு." என் மகன் கஜன் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். நான் தொடங்கினால் மிச்சத்தை அவனே சொல்லி முடிப்பான்.

கஜன் எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் விரும்பிய நித்யா மதுரைப் பெண். இங்கே படிக்க வந்து, பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கம்பியூட்டர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எனக்கு அவளில் குறை ஒன்றும் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு சின்ன நெருடல் இருக்கத்தான் செய்தது. எங்களுடைய ஆட்கள் மாமி என்று கூப்பிடுவார்கள். அவள் "அத்தை" என்று கூப்பிடும்போது பக்கத்தில் வேறு யாரும் நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பேன். என் கணவரின் அக்கா திலகா மச்சாளுக்கோ நெருடல் சின்னதில்லை. "எங்கடை சனத்துக்கை பெட்டையள் இல்லையோ?" என்று கலியாணத்துக்கு முதல் கிழமையும் கேட்டவர்.

தை மாதத்தில் நல்ல முகூர்த்தம் கிடைத்தது. ஊரில் அது இதமான காலம். இங்கே மூக்குக்குள் மயிர் உறையும் குளிர். மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் மோர்னிங்சைட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கஜன் முதல் நாளே கார் விடும் பாதையில் பனியைத் தள்ளி உப்புத் தூவியிருந்தான். வாசலில் நிறைகுடம் வைத்திருந்தோம். நானும் மச்சாளும் ஆராத்தி எடுத்தோம். தட்டில் மஞ்சளும் குங்குமமும் கரைத்த தண்ணீர், வாழைப்பழத் துண்டுகளில் எரியும் திரி. மூன்று முறை சுற்றி, பொட்டு வைத்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரச் சொன்னோம்.

அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதில்தான் பிழை நடந்தது. இங்கே பலர் அதைக் குசினி சிங்கில் ஊற்றிவிடுவார்கள். சிலர் கரையில் குவிந்திருக்கும் பனியில் ஊற்றுவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்காது. கண்ணூறு கழித்த தண்ணீரைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுபோவதா? வாசலுக்கு நேரே, தெருப்பக்கமாக ஊற்றவேண்டும் என்று நின்றேன். ஊற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. போன கோடையில்தான் அந்தப் பாதைக்குப் புதுக்கல் பதித்தோம், குங்குமம் ஊறிக் கறையாகிவிடுமே என்று நினைத்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து விட்டுக் கழுவினேன். அந்தக் குளிரில், கலியாண வீட்டுக்கு ஆட்கள் வரும் வழியில், கஜன் தூவிய உப்பும் போகும்படி தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

நான் செம்பைச் சரிக்கமுதல், உள்ளே போய்க்கொண்டிருந்த நித்யா திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, அங்க வேணாம். ஐஸ் ஆயிடும். ஓரமா அந்தப் பனி மேல ஊத்திடுங்களேன்."

மணவறையில் இருந்து வந்த பெண், கழுத்தில் மாலை வாடக்கூட இல்லை, எனக்குப் புத்தி சொல்கிறாள். என் முகம் சுட்டது.

"நீர் உள்ளை போம் பிள்ளை," என்றேன். "முப்பது வருசமா இந்தக் குளிருக்கை கிடக்கிறன். எனக்குத் தெரியாதே?"

அவள் உள்ளே போய்விட்டாள். தட்டோடு மச்சாளும், அவருக்குப் பின்னால் கஜனும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்கள். நாங்கள் பேசியதை வேறு ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளே போய்ப் பாலும் பழமும் கொடுத்தோம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நித்யாவின் அப்பாவும் அம்மாவும். கலியாணத்துக்கென்று மதுரையிலிருந்து வந்தவர்கள், வழி தவறிச் சுற்றிப் பிந்தி வந்திருந்தார்கள். சம்பந்தியை வாசலில் நின்று வரவேற்காவிட்டால் மரியாதை இல்லை என்று, காலில் கிடந்த வீட்டுச் செருப்போடு, பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினேன். சம்பந்தியம்மா காரில் இருந்து இறங்கி இரண்டு அடி வைத்திருப்பார். என் கால் இரண்டும் முன்னுக்குப் போக, நான் பக்கவாட்டில் அடித்து விழுந்து வழுக்கிக்கொண்டு போய் அவருடைய காலடியில் கிடந்தேன்.

அவர் முதலில் நான் விழுந்து கும்பிடுகிறேன் என்றுதான் நினைத்தார். "ஐயையோ, என்னங்க இது, நீங்க போய் என் கால்ல..." என்று பதறிப் பின்னுக்குப் போனார். பிறகுதான் நான் கத்துவது அவருக்குக் கேட்டது.

குனிந்து பார்த்தேன். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, மற்றதைவிடக் கட்டையாகக் கிடந்தது. வேலையில் அப்படிப்பட்ட கால்களைக் கண்டிருக்கிறேன். எக்ஸ்ரே தேவைப்படவில்லை, இடுப்பு போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கலியாண வீடு முழுக்க வாசலில் கூடியது. என் கணவர் தன் கோட்டைக் கழற்றி எனக்கு மேல் போட்டார். கஜன் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். நித்யா வெறுங்காலோடு ஓடிவந்து, கூறைச்சேலை ஐஸில் கிடக்க, என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசல்படியில் நின்ற மச்சாளின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"பெட்டை உள்ளை வந்து ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஆகேல்லை. பாத்தியளே கால் வைச்ச நேரத்தை!"

என் தலை நித்யாவின் மடியில் இருந்தபடியால் அவளுடைய உடம்பு ஒரு கணம் விறைத்தது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய அம்மா நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வலி என்று நீங்கள் நினைக்கலாம். வலிதான். ஆனால் பேச முடியாத வலி இல்லை. "கோட்டைக் காலுக்கும் இழுத்து விடுங்கோ" என்று அதற்குப் பிறகு என் கணவருக்குத் தெளிவாகச் சொன்னேன்.

அவசரப் பிரிவின் நடைபாதையில் வரிசையாகக் கட்டில்கள். முதல் நாள் பெய்த உறைமழை பாதி நகரத்தை விழுத்தியிருந்தது. மணிக்கட்டைத் தலையணையில் வைத்துக்கொண்டு ஒருவர், கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிய ஒரு பெண், பின்மண்டையில் ஐஸ் பையோடு இன்னொருவர். "எங்கே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். பஸ் தரிப்பில், கடை வாசலில், கார்க் கதவைத் திறக்கும்போது. பட்டுச்சேலையும் நகையும் தலையில் பூவுமாகக் கிடந்த என்னையும் கேட்டார்கள். வீட்டு வாசலில் என்றேன்.

ஒரு மறைப்புக்குள் தள்ளிக்கொண்டு போனதும் நேர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். உடுப்பை வெட்டித்தான் எடுப்பார்கள், காலை அசைக்கக்கூடாது. நித்யா குறுக்கே நின்று, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். கை நிறைய மருதாணி, நெற்றியில் சுட்டி, அந்தக் கோலத்தில் என் சேலையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, என்னை அசைக்காமல் சேலையை உருவி எடுத்தாள். உள்பாவாடையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அது பழசு. நாடா அறுந்துபோய், அவசரத்தில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்திக்கொண்டு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மேலே காஞ்சிபுரம், உள்ளே அந்தக் கந்தல். அவள் அதைப் பார்த்தாள். பின்னைக் கழற்றித் தன் பையில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை இழுத்து மூடினாள். யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லவில்லை என்று பின்னாளில் அறிந்தேன்.

இடுப்பு முறிந்தது என்று சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் முறிவது தொடையெலும்பின் மேல்முனை, அது இடுப்போடு பொருந்தும் இடத்துக்குக் கிட்ட. எனக்கு முறிந்ததும் அங்கேதான். வயது போகப் போக, அதுவும் பெண்களுக்கு, எலும்பு உள்ளே அரித்துப் பலவீனமாகிவிடுவதால் ஒரு விழுகையே போதும். எலும்பின் நடுவே நீளமான உலோகக் கம்பியை இறக்கி, மேலே ஒரு திருகாணியால் பிடித்துவிடுவார்கள். வலிக்கு வாயால் மருந்து தருவதோடு, இடுப்பு மடிப்பில் ஊசி போட்டு அந்தப் பக்கத்து நரம்பை மரக்கச் செய்தார்கள். அது போட்டபிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு பல்லைக் கடிக்காதீர்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு வரிசை நீளமாக இருந்தது. வெறும் வயிற்றோடு ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பின்னேரம் வந்து இன்றைக்கு இல்லை என்றார்கள். மறுநாள்தான் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தபடியால் அரைகுறையாக விழித்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது, தச்சு வேலை நடக்கிற இடம் போல. தட்டப்படுவது நான் என்று நினைத்துக்கொள்ளவே விசித்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும். சிறுநீர்க் குழாயைக் கழற்றியதும் கட்டிலிலேயே பெட்பான் வைத்துத்தான் எல்லாம். எத்தனையோ பேருக்கு நான் வைத்திருக்கிறேன். "வெட்கப்படாதேங்கோ, இதுக்குத்தானே நான் சம்பளம் எடுக்கிறன்" என்று தமிழ்க் கிழவிகளிடம் பகிடி விட்டிருக்கிறேன். சிலர் வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்களை அதட்டியிருக்கிறேன். இப்போது நானே தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவைத்தேன். என் கணவர் தினமும் பிளாஸ்கில் கொண்டுவந்து, நான் குடிக்காவிட்டால் முகம் வாடுவார் என்று, அவர் போகும்வரை வாயில் வைத்துப் பாசாங்கு செய்தேன். தண்ணீர் குறைந்ததால் சிறுநீரில் கிருமி பிடித்துக் காய்ச்சல் வந்தது. அதற்கும் மருந்து ஏற்றினார்கள். கிழவிகளை அதட்டின வாய்க்கு நல்லாய் வேண்டும்.

மச்சாள் ஒரு நாள் பழங்களோடு பார்க்க வந்தார். வந்தவர் அதே பல்லவியைத் திரும்பவும் பாடினார்.

"முப்பது வருசமா நீர் ஒருக்கா வழுக்கினதை நான் காணேல்லை. ராசி எண்டு ஒண்டு இருக்குத்தானே. சிலருக்கு நேரம் அப்பிடி. போன இடமெல்லாம் கேக்கினம்."

கட்டிலின் கால்மாட்டில் நித்யா துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மருந்து மயக்கம் என்று நினைத்திருப்பார்கள். நல்ல தெளிவோடுதான் இருந்தேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் ஊரெல்லாம் சிரிக்கும். எல்லாருக்கும் நடக்கப் பழக்கினவள், கலியாணத்தன்று வாசலில் தண்ணீர் ஊற்றி, மருமகள் சொல்லியும் கேட்காமல், அதிலேயே வழுக்கி, சம்பந்தியின் காலில் போய் விழுந்தாளாம். பெட்டையின் ராசி என்றால் என்னில் பிழை இல்லை, வருகிறவர்கள் பாவம் பார்த்து நெற்றியைத் தடவிவிட்டுப் போவார்கள். அந்தத் தடவல் எனக்குத் தேவையாக இருந்தது. அவளுக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க முயற்சி எடுத்தேன் என்பதுதான் சரி.

சம்பந்தியம்மா ஊருக்குத் திரும்பும் நாளில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சொல்லிக்கொண்டு போக வந்தார். அவர் வந்த நேரம் நான் பெட்பானில் இருந்தேன். திரை இழுத்து மூடியிருந்தது. இங்கத்தைப் பழக்கம் அவருக்குத் தெரியாது, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். போர்வை மேலே கிடந்தபடியால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அசையாமல் கிடந்தேன். அவர் என் நெற்றியில் விபூதி பூசி, என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எம் பொண்ணு நேரம்தான் சரியில்ல போலருக்கு. உங்களுக்கு இப்பிடி ஆயிருச்சு. நாங்க ஊருக்குப் போயி என்ன செய்யணுமோ செஞ்சிடறோம். மனசுல வச்சுக்காதீங்க. அவ நல்ல பொண்ணுங்க."

அவருடைய கண்ணீர் என் கையில் விழுந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கீழே இருந்த பாத்திரம் மட்டும்தான் என் மனதில் இருந்தது. மணக்கிறதோ, சத்தம் கேட்குமோ, இவர் எப்போது போவார். "சரி, சரி. ஒண்டும் யோசியாதேங்கோ. போட்டு வாங்கோ," என்றேன். மன்னிப்புக் கொடுக்கிற ஆள் போல. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்!

பிறகு மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே வேலை ஒன்றுதான்: நடப்பது. இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நிற்பது, பிறகு வோக்கரைத் தள்ளிக்கொண்டு போவது, பிறகு படி ஏறுவது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முறிந்த கால் முதலில். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வயிற்றில் ஊசி போடவேண்டும். ஊசியைக் கண்டால் கஜனுக்குத் தலை சுற்றும், அவன் அப்பனுக்கு அதைவிட மோசம். நித்யா நேர்ஸிடம் கேட்டுப் பழகிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபிறகும் அவள்தான் போட்டாள், வேலைக்குப் போகமுதல், கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து. ஊசியைவிட அந்தச் சூடான கைதான் எனக்குக் குத்தியது. புதுக்கலியாணம் செய்தவர்கள் எங்காவது போவதற்கு எடுத்திருந்த விடுமுறை முழுக்க என்னோடு போனது.

நல்லாய்ப் பார்த்தாள், ஆனால் முன்பு போல் பேசவில்லை. சொந்தக்காரர் வந்தால் மாடிக்குப் போய்விடுவாள். ஒரு சாமத்தியவீட்டுக்கு, பெரியபிள்ளையான சடங்குக்கு, அழைப்பு வந்தபோது, "நான் வரல கஜன். அங்க நான் எதையாவது தொட்டா பயப்படுவாங்க," என்று சொன்னது கீழே இருந்த எனக்குக் கேட்டது. கஜன் ஆங்கிலத்தில் ஏதோ சமாதானம் சொன்னான். "மார்க்கத்துல தனியா வீடு பாப்போம்னு நான் கேக்கல. ஆனா எத்தனை நாளைக்கு?" என்றாள்.

மறுநாள் ஊசி போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"அத்தை, அம்மா மத்தியானச் சோத்தை விட்டுட்டாங்க. நீங்க கைத்தடி இல்லாம நடக்கற வரைக்கும்னு வேண்டியிருக்காங்க. அவங்களுக்குச் சக்கரை இருக்கு. நேத்து கோயில்ல மயங்கி உக்காந்துட்டாங்களாம்."

"ஐயோ, சாப்பிடச் சொல்லும் பிள்ளை!"

"நான் சொன்னா கேக்கல. என்னால வந்ததுன்னு நெனைக்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நான் என்னெண்டு சொல்ல?"

அப்போதுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நடந்ததைச் சொல்லுங்க அத்தை."

அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கஜனுக்குக்கூட. ஒரு வார்த்தையில் தன்னைக் காப்பாற்றியிருக்கலாம், நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அத்தனை நாளும் அவள் என்னைப் பார்த்த பார்வை என்னவென்று அப்போது விளங்கியது. நான் அதை அன்பு என்று மட்டும் நினைத்து ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை மச்சாள் ஆட்டுக்கால் சூப்போடு வந்திருந்தார். எலும்புக்கு நல்லது என்று கிழமைக்கொருக்கால் வைத்துக்கொண்டு வருவார், வாய்தான் அப்படி, மனுசி கெட்டவரில்லை. என் கணவரும் கஜனும் இருந்தார்கள். நித்யா குசினிக்குள் நின்றாள். மதுரையில் அப்போது பின்னேரம். சம்பந்தியம்மாவுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நலம் விசாரித்தார். குரலில் சோர்வு தெரிந்தது. நான் தொடங்கினேன்.

"அண்டைக்கு நான் வழுக்கினது ஆராத்தித் தண்ணியிலை. அதை வாசலிலை ஊத்தினது நான்தான். கறை பிடிக்கும் எண்டு இன்னும் தண்ணி விட்டுக் கழுவினதும் நான்தான். உங்கடை மகள் அங்கை ஊத்தவேண்டாம், ஐஸாகும் எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. அவவின்ரை நேரமும் இல்லை, ராசியும் இல்லை. என்ரை வாய்க்கொழுப்பு."

மச்சாள் கோப்பையை மேசையில் வைத்தார். "உதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார். கஜன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

"தெரியுங்க," என்றார் சம்பந்தியம்மா.

"என்ன?"

"கார்லருந்து எறங்கும்போதே பாத்தேன். குங்குமத் தண்ணி ஒறைஞ்சு கெடந்துச்சு. அதைச் சுத்தி வரத்தான் ஓரமா கால் வச்சேன். நீங்க அது மேலதான் ஓடி வந்தீங்க."

"அப்ப ஏன் ஆஸ்பத்திரியிலை வந்து என்னட்டை மன்னிப்புக் கேட்டியள்?"

"எம் பொண்ணு அந்த வீட்லதாங்க வாழணும்."

வோக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டே போனார். வேண்டினது வேண்டினதுதான், சாமிக்குச் சொல்லியாயிற்று, மாற்ற முடியாது. வெறும் வயிற்றோடு இருக்கமாட்டார், இனி மத்தியானம் இரண்டு இட்லி சாப்பிடுவார், சோறு மட்டும் இல்லை. "நீங்க நடந்துருங்க, நான் சாப்பிட்டுக்கறேன்." பிழை யாருடையது என்று தெரிந்துகொண்டே அந்த மனுசி எனக்காகச் சோற்றை விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் பயிற்சி செய்த விதத்தை வீட்டுக்கு வந்த உடற்பயிற்சிக்காரர் பார்த்து, கொஞ்சம் மெதுவாகச் செய்யுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. சோபாவில் இருந்து எழும்பித் திரும்பவும் இருப்பது, சிங்கைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்குவது, படி ஏறி இறங்குவது. வலித்தால் மதுரையில் ஒரு சோற்றுத்தட்டை நினைத்துக்கொள்வேன். வோக்கர் போய்க் கைத்தடி வந்தது. வெளியே பனி கரைந்து, அந்தப் பாதையின் கல்லெல்லாம் தெரிந்தது. மச்சாள் போன இடமெல்லாம் புதுக்கதையைச் சொன்னார். ஸ்காபரோ நான் பயந்தபடியே சிரித்தது. கடையில் ஒருவர், "என்ன அக்கா, ஆராத்தி எடுக்க வரட்டோ?" என்று கேட்டார். அது இவ்வளவுதானா என்றிருந்தது. இதற்குப் பயந்தா ஒரு பிள்ளையை மாடியில் ஒளிந்திருக்க வைத்தேன்?

ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வரும்படி கஜனைக் கூப்பிட்டேன். மதுரையில் அப்போதுதான் விடிந்திருந்தது. திரையில் சம்பந்தியம்மா, குளித்த தலையில் துண்டோடு. சோபாவிலிருந்து குசினி வாசல்வரை நடந்தேன். கொஞ்சம் நொண்டல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நித்யா என்னைப் பிடிக்காமல், ஆனால் பிடிக்கக்கூடிய தூரத்தில், பக்கத்தில் நடந்து வந்தாள்.

"இண்டைக்கு மத்தியானம் சோறு சாப்பிடுவியளோ?" என்று கேட்டேன்.

"சாப்பிடறேன், சாப்பிடறேன்," என்று அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"என்னை மன்னியுங்கோ சம்பந்தி. அண்டைக்குச் சொல்லாமல் விட்டதுக்கு."

அவருடைய சிரிப்பு நின்றது. கோபமில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது.

"எங்கிட்ட எதுக்குங்க? அவகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சொன்னேன், மச்சாளுக்குச் சொன்னேன், ஊருக்கே தெரிந்தது. தினமும் என் வயிற்றில் ஊசி போட்டவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் என் பிள்ளையின் பெண்சாதி, சின்னவள், அவளிடம் போய் எப்படி என்று எனக்குள் ஏதோ ஒன்று அதுவரையும் இருந்திருக்கிறது.

திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னியும் நித்யா," என்றேன்.

"சரி அத்தை," என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.